மேலாக்கா ஓடுது

செம்புக் கம்பியைக் குளிர வைத்தால் மின்சாரம் அதில் இன்னும் சுலபமாக ஓடும். சமேரியமும் போரானும் சேர்ந்த கருநீலக் கல்லோ நேர் எதிர். குளிரக் குளிர முரண்டு பிடிக்கும். மின்தடை கிடுகிடுவென ஏறும். ஏறிக்கொண்டே போயிருந்தால் யாருக்கும் வம்பில்லை. திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் அந்த ஏற்றம் நின்று, வரைகோடு தட்டையாகிவிடும். அந்தத் தட்டைக் கோட்டில்தான் செல்வநாதனின் பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

ராயபுரத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். 1974இல் எண்ணூர் நெடுஞ்சாலையோரம் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்கு மாடாய் உழைத்துக்கொண்டிருந்தான். வழிகாட்டி சங்கரநாராயணன். கோடு தட்டையாவதற்குக் காரணம் கல்லுக்குள் கலந்திருக்கும் அழுக்கு என்று எப்போதோ கட்டுரை எழுதி, அதை வைத்தே பெரிய மனிதரானவர். பெரிய மனிதரின் அழுக்கை யாராவது கேள்வி கேட்பார்களா? இவன் கேட்டான். கிறுக்கன்.

கல்லை உப்புத்தாளில் தேய்த்துப் பாதி கனமாக்கினான். உள்ளே இருக்கும் அழுக்கு வழியாக மின்சாரம் போனால் பாதை குறுகித் தடை இரட்டிக்க வேண்டும். இரட்டிக்கவில்லை. மேலும் தேய்த்தான். அதே எண். அப்படியானால் மின்சாரம் கல்லின் உள்ளே போகவே இல்லை, தோலில் ஓடுகிறது. பம்பாயிலிருந்து வரும் தேர்வாளரின் கண்ணெதிரே இதைக் காட்டி ஒப்புக்கொள்ள வைத்தால் பட்டம். இல்லாவிட்டால் உதவித்தொகையும் முடிந்தது, படிப்பும் முடிந்தது.

தேர்வாளர் பம்பாயில் குடியேறிய மதுரைக்காரர். தேர்வு நாளன்று, பெங்களூரிலிருந்து வந்த ஹீலியம் பாத்திரம் மாதவரம் பால் கேன் மாதிரி ஒரு மூலையில் புகைந்துகொண்டிருந்தது. தேய்த்து மெலிந்த கல் குளிர்ந்தது. மீட்டர் முள் ஏறி, அதே பழைய இடத்தில் நின்றது.

"இதற்கு உங்கள் விளக்கம்?" என்றார் தேர்வாளர்.

செல்வநாதன் இங்கிலீஷில் பதில் நெட்டுரு போட்டு வைத்திருந்தான். சந்தோஷத்தில் அதெல்லாம் பறந்துவிட்டது.

"உள்ள ஒண்ணியும் இல்ல சார்! அல்லாம் மேலாக்கா ஓடிகினு கீது!"

அறையே சிரித்தது. மேலாக்கா என்றால் ராயபுரத்தில் மேற்பரப்பில் மட்டும் என்று பொருள். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

"இவன் படிப்பும் மேலாக்காதான்" என்றார் சங்கரநாராயணன். தேர்வாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். படித்த கூட்டம் சிரித்தால் அதற்கு மனசாட்சியே கிடையாது.

"மேலே ஓடுதுன்னா, அழுக்கு மேலே இருக்குன்னு அர்த்தம். தேய்ச்சா போயிடும்" என்றார் வழிகாட்டி.

"தேச்சேன் சார். எத்தினியோ வாட்டி தேச்சேன். போவல."

"நீ தேய்ச்ச லட்சணம்! கல்லை வெளியே எடு."

எடுத்துக் கொடுத்தான். அது நகத்தைவிட மெலிதாகியிருந்தது. சங்கரநாராயணன் அதை முரட்டு உப்புத்தாளில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"வாணாம் சார்! ஒட்ஞ்சிடும் சார்!"

உடைந்தது. அவர் மேலும் நாலு தேய் தேய்த்துப் பொடியாக்கினார். "த்சொ, உறுதியில்லாத சாம்பிள்."

கல் இல்லாமல் தன்னால் எதையும் பரிசோதிக்க முடியாது, கையெழுத்துப் போடுவதற்கில்லை என்று சொல்லிவிட்டுத் தேர்வாளர் காரில் ஏறினார். மற்றவர்கள் காபி குடிக்கப் போனார்கள். வராந்தாவில் யாரோ "மேலாக்கா" என்று கத்த, மறுபடி சிரிப்பு.

அறையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். சங்கரநாராயணன் பீரோவைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். உள்ளே கருநீலமாக இன்னொரு கல், முழுசாக.

செல்வநாதனுக்கு உயிர் வந்தது. "சார், ஹீலியம் இன்னும் கீது சார். இப்பவே பாத்துடலாம். அவர ஸ்டேஷன்ல புட்ச்சிடலாம்."

"எதுக்கு? நீ சொன்னது சரி. நீ தேய்ச்சு எடுத்த எண்ணை முதல் தடவை பார்த்தப்பவே எனக்குத் தெரியும்."

"அப்பறம் ஏன் சார்..."

"அதுக்கு முன்னாடியே அழுக்குன்னு அச்சிலே போட்டாச்சு. நான் ரிடையர் ஆகிற வரைக்கும் அது அழுக்குதான்."

குப்பியை வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"போகும்போது ஃபேனை நிறுத்திட்டுப் போ."

"சரி சார்" என்று சொல்லி, செல்வநாதன் ஃபேனை நிறுத்தினான். இவ்வளவுக்குப் பிறகும் அவர் சொன்னபடி கேட்டிருக்கிறோம் என்பது நிறுத்திய பிறகுதான் உறைத்தது. அந்தக் கையை அங்கேயே வெட்டிப் போடலாம் போலிருந்தது.