சங்குமேட்டேந்தல் குளத்துக்கு நீர் ஆதாரம்

சங்குமேட்டேந்தலுக்குச் சமுதாய மீன், வாத்துக் குளம் ஒன்று சாங்ஷன் ஆகிவிட்டது. குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது ஒன்றுதான் பாக்கி. இந்தச் சில்லறை விஷயத்தைத் தீர்த்துவைக்க, 1959 பங்குனியில் வளர்ச்சி அதிகாரி சபாநாயகம் ஜீப்பில் வந்து இறங்கினார். பஞ்சாயத்துத் தலைவர் ஹமீது சுல்தான் மாலை போட்டார்.

கூட்டத்தில் எல்லாரும் குளத்தைப் புகழ்ந்தார்கள். அவரவர் நிலம் மட்டும் அதற்குத் தோதுப்படாது என்று வருத்தத்தோடு சொன்னார்கள். கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் ஒன்று மிஞ்சியது. ஊருக்குக் கிழக்கே, கடலோரம், ஊற்று இருக்கும் மணல்.

நாற்பது வீடும் குடிப்பது அந்த ஊற்றைத்தான். மணலில் ஒரு கை நீள ஆழத்துக்குக் குழி. குப்புறப் படுத்து, கையை விட்டு, தேங்காய்ச் சிரட்டையால் மோந்து ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம். கை தோள்வரை இறங்கும் ஆழத்துக்குக் கீழே யாரும் தோண்டுவதில்லை.

சபாநாயகம் கைக்கடிகாரத்தோடு அங்கே நின்று கணக்குப் போட்டார். மூன்றடிக்கு அரை மணியில் ஒரு குடம். பன்னிரண்டடிக்கு நான்கு குடம். குளத்தின் நீள அகலத்தால் பெருக்கினால் வைகையே தேவையில்லை.

மண்வெட்டிக்காரன் இருளாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே வந்தான்.

“அய்யா, இங்கன தோளுக்குக் கீழ போனா கரிக்கும்.”

“நீர் மண் வெட்டுகிறவரா?”

“ஆமாய்யா.”

“நான் மண்ணைப் படித்தவன்.”

தலைவர் இருளாண்டியைத் தனியே இழுத்துப் போனார். “ஏலே, வாயை வச்சுக்கிட்டு இரு. வேண்டாம்னா சாங்ஷன் தொண்டிக்குப் போயிரும்.”

“போகட்டுமே மொதலாளி.”

“தொண்டிக்காரன் நம்மளவிட என்னலே ஒசத்தி?”

பொழுது சாய்வதற்குள் ஊரே இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. குளம் நிச்சயமானது அந்தக் கேள்வியில்தான்.

சித்திரையில் வெட்டு தொடங்கியது. இருளாண்டி மண்வெட்டியைத் தோளில் வைத்ததும் அவன் மனைவி பூமயில் வாசலை மறித்தாள்.

“நீயுமாய்யா போற?”

“நான் போகலேன்னா இன்னொருத்தன் போவான்.”

“அவன் பொண்டாட்டியும் அந்த ஊத்துலதான் மோக்குறா.”

“அப்ப அவகிட்டயும் போய்ச் சொல்லு” என்று அவளை விலக்கிக்கொண்டு போனான்.

ஒன்பதாவது அடியில் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. சபாநாயகம் ஒரு கை அள்ளிக் குடித்தார். கூட வந்த போட்டோக்காரர் சரியாக எடுக்காததால் இன்னொரு கை குடித்தார். தித்திப்பாகத்தான் இருந்தது. இருளாண்டியை அவர் பார்த்த பார்வையில் பட்டப்படிப்பு முழுவதும் இருந்தது.

மூன்றாம் நாள் கரித்தது.

“உப்பு மேலே நிற்கிறது. இறைத்துவிட்டால் அடியில் நல்ல தண்ணீர்” என்றார் சபாநாயகம். இந்தக் கரையில் நல்ல தண்ணீர்தான் உப்பின்மேல் பாலாடைபோல் மிதக்கிறது. அது அவருடைய புத்தகத்தில் இல்லை. பரமக்குடியிலிருந்து ஆயில் என்ஜின் வந்தது. எட்டு நாள் இறைத்தார்கள். மிச்சமிருந்த ஆடையும் மணலில் ஓடி வெயிலில் காய்ந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் பூமயில் ஊற்றில் கைவிட்டு மோந்து, வாயில் வைத்துத் துப்பினாள். பத்தடி தள்ளிப் புதிதாகக் குழி பறித்தாள். துப்பினாள். இன்னும் தள்ளி, தாழைப் புதர் ஓரம் பறித்தாள். பிறகு சிரட்டையை மணலில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் வந்து பார்த்தார். “ஒரு மழை பேஞ்சா சரியாயிரும், தாயி.”

“எத்தனை மழை மொதலாளி?”

அவர் வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

திட்டத்தில் குறித்த தேதிக்குக் கெண்டைக் குஞ்சுகளும் அறுபது வாத்துகளும் வந்து சேர்ந்தன. மீன்குஞ்சுகள் மதியத்துக்குள் வயிறு மேலாக மிதந்தன. வாத்துகள் நீந்தின, ஆனால் குளத்துத் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்றன. அவை சர்க்கார் வாத்துகள், செத்தால் விசாரணை வரும். ‘வாத்துகளுக்குக் குடிநீர் வசதியைக் கிராம மக்கள் உடனே செய்து தர வேண்டியது’ என்று ஆபீசிலிருந்து தாள் வந்தது. மனிதர்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை. மனிதர்கள் திட்டத்தில் சேர்ந்தவர்கள் அல்லவே.

இப்போது பெண்கள் திருப்புல்லாணிச் சாலையோரம் அடுத்த ஊர்க் கிணற்றுக்கு இரண்டு மைல் நடக்கிறார்கள். முதல் நடைத் தண்ணீர் வாத்துகளுக்கு. வீட்டுக்கு இரண்டாம் நடை.

பூமயில் இரண்டாம் நடைக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிடும். கிணற்றடியில் அந்த ஊர்க்காரி ஒருத்தி தலையைத் திருப்பாமலே சொல்வாள்:

“வாத்தூர்க்காரியா? எங்காளுக மோந்து முடிக்கட்டும், நில்லு.”

அவர்கள் முடித்துப் போகும்போது கிணற்றில் சேறுதான் கிடக்கும். பூமயில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் ஊறித் தெளியட்டும் என்று நிற்பாள்.