முதலில் அக்செப்ட்

"தனகோடி, கையைக் கழுவிட்டு இங்க வா. கொஞ்சம் திருடி மாதிரி நடந்து காட்டு" என்றார் கொளஞ்சிநாதன்.

தனகோடி தேய்த்துக்கொண்டிருந்த குக்கர் மூடியைக் கீழே வைத்தாள். அந்த குவார்ட்டர்ஸில் அவள் வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பெருக்கச் சொல்லியிருக்கிறார்கள், துவைக்கச் சொல்லியிருக்கிறார்கள், பலா பழுக்கிற மாதத்தில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். திருடச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஹாலில் சோபா முழுக்க அட்டைப்பெட்டியும் தெர்மகோலும் கிடந்தன. ஆள் அசைந்தால் கண்டுபிடிக்கிற நான்கு வெள்ளை சென்சார் டப்பாக்கள், கதவில் ஒட்டுகிற இரண்டு துண்டுகள், கத்துவதற்கு ஒரு சைரன். ஒயரே கிடையாது, எல்லாம் செல்போனிலேயே ஓடும் என்று கொளஞ்சிநாதன் நேற்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் நான்கு தெரு தள்ளி ஒரு குவார்ட்டர்ஸில் பீரோவை உடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர்கள் பிளாக்கின் வாட்ஸப் குழுவில் 'குட் மார்னிங்' பூப்படம் நின்றுபோய், திருடர்களைப் பற்றிய ஆராய்ச்சி மட்டுமே நடந்தது. ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் கொளஞ்சிநாதன்தான்.

அவர் தெர்மலில், அதாவது அனல் மின் நிலையத்தில், முப்பத்தோரு வருஷ சர்வீஸ், கன்ட்ரோல் ரூம் ஆள். காடாம்புலியூர் பக்கத்துக் கிராமத்துக்காரர் என்றாலும் பெர்மனென்ட் ஆன மறுநாளே ஊர்ப்பேச்சைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டவர். கோபம் வந்தால் மட்டும் அதை எடுத்துப் போட்டுக்கொள்வார். மந்தாரக்குப்பத்துக் கடைக்காரர் ஒருவர், தானே வந்து மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "தெர்மல்ல ஆயிரம் சென்சார் பாத்தவன்டா நான்" என்று அவரைத் திருப்பி அனுப்பியாயிற்று. பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. ஜன்னலைப் பார்த்து மாட்டாதே, வெயில் படுகிற இடத்தில் மாட்டாதே என்று அதில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்தப் புத்தகத்தை மடித்து, ஆடுகிற ஸ்டூலின் காலுக்கு முட்டுக் கொடுத்து, அதன்மேல் ஏறி நின்று கிழக்கு ஜன்னலுக்கு நேர் எதிரே முதல் சென்சாரை ஒட்டினார்.

"நடந்து பார்த்து டெஸ்ட் பண்ணணும். ஆள் நடந்தா சிவப்பு லைட்டு மின்னும். நட."

தனகோடி நடந்தாள். லைட் மின்னியது.

"இப்படியா திருடன் நடப்பான்? நீ காய்கறி வாங்கப் போற மாதிரி நடக்கற."

"எனக்குத் திருடனை எல்லாம் பழக்கம் இல்லீங்க சார்."

கொளஞ்சிநாதன் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, சோபா ஓரமாகப் பதுங்கிப் பதுங்கி நடந்து காட்டினார். அடுக்களை வாசலில் நின்ற அவர் மனைவி விஜயலட்சுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீங்களே நடங்களேன், அவளைவிட நல்லா வருது" என்றாள். வீட்டுக்காரன் எப்படித் திருடன் ஆவான் என்று அவர் சீரியஸாகக் கேட்டார். அப்புறம் அரை மணி நேரம் தனகோடி குனிந்து நடந்தாள், தவழ்ந்தாள், சின்ன ரூமில் பீரோவுக்குப் பக்கத்தில் பதுங்கி எழுந்தாள். பெர்மனென்ட்காரர் வீட்டில் திருடி வேஷத்துக்குக்கூட கான்ட்ராக்ட் ஆள்தான். ஒவ்வொரு டெஸ்ட்டையும் அவர் ஒரு நோட்டில் தேதி, நேரம் போட்டு எழுதிக் கையெழுத்தும் வைத்தார். தனகோடிக்கு முழங்கால் வலித்தது. அதைவிட, அந்த அம்மா சிரித்தது வலித்தது.

"இனிமே இந்த வூட்டுக்குள்ள..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "இந்த வீட்டுக்குள்ள யார் எப்ப வந்தாங்க, எப்ப போனாங்க, எல்லாம் இதுல பதிவாகும். ஒரு ஈ தப்பிக்க முடியாது" என்றார். சொல்லும்போது அவர் பார்வை தனகோடியின் மேலேயே இருந்தது. அவளும் அதைக் கவனித்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது, திரைச்சீலை ஆடியது, சைரன் கத்தியது. பக்கத்து குவார்ட்டர்ஸ் மைக்கேல் பல் தேய்க்கிற நுரையோடு ஓடிவந்தார். மத்தியானம் பூனை வந்தது, மறுபடியும் சைரன் கத்தியது. சாயங்காலம் ஒரு பல்லி அந்த டப்பாவின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. அது உட்கார்ந்திருந்த நேரம் பூராவும் சைரன் கத்தியது. இரண்டாம் நாள் விஜயலட்சுமி தன் செல்போனில் அந்த ஆப்பின் வாயை அடைத்தாள். மூன்றாம் நாளிலிருந்து மைக்கேலும் ஓடிவரவில்லை.

கொளஞ்சிநாதன் மட்டும் அசரவில்லை. சைரன் கத்தினால் அவர் விரல் தானாகச் செல்போனுக்குப் போய்ச் சத்தத்தை நிறுத்தும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இடது கை போகும். கண்ணைக்கூடத் திருப்ப மாட்டார். ஒருநாள் தனகோடி தாங்க முடியாமல், "என்னான்னு பாக்க வேணாங்களா சார்?" என்று கேட்டுவிட்டாள்.

"கன்ட்ரோல் ரூம்ல ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தனை அலாரம் அடிக்கும் தெரியுமா உனக்கு? முதல்ல அக்செப்ட் பட்டனை அழுத்தணும். சத்தம் நின்னாத்தான் மூளை வேலை செய்யும். அப்புறம் என்னான்னு பாக்கணும். இது முப்பத்தோரு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்."

அங்கே அவர் அக்செப்ட் அழுத்திய பிறகு என்னவென்று பார்ப்பதற்கு இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். இங்கே அந்த நான்கு பேர் யார் என்று அவர் யோசிக்கவில்லை. தனகோடிக்குத் தோன்றியது, ஆனால் சம்பளம் வாங்குகிற வாயில் அது வரவில்லை.

ஒரு புதன்கிழமை விஜயலட்சுமி தன் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து என்று காலையிலேயே காடாம்புலியூர் போய்விட்டாள். கொளஞ்சிநாதன் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, இட்லி சாப்பிட்டு, படுக்கப் போகிற நேரம். தனகோடி வேலையை முடித்து, "கெளம்பறேங்க சார்" என்று சொல்லிவிட்டு முன்கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். மணி பத்தே கால் இருக்கும். வழக்கம்போல அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று முடித்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் இருக்கும் தன் வாடகை வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை மைக்கேல் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி நான்சி கிரில் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு உள்ளே நின்றபடியே செல்போனைத் திருப்பிக் காட்டினாள். அதில் தனகோடியின் படம் இருந்தது. போன ஆயுத பூஜையில் பொரி எடுத்துக் கொடுத்தபோது எடுத்த படம், தட்டை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்திருந்தார்கள். 'வேலைக்கு வரும் பெண்களிடம் எச்சரிக்கை. நேற்று என் வீட்டு பீரோவிலிருந்து இரட்டை வடச் சங்கிலி திருடு போயுள்ளது. சாவி இருக்குமிடம் வெளியாட்களில் இவருக்கு மட்டுமே தெரியும். போலீஸில் புகார் கொடுத்துள்ளேன். கொளஞ்சிநாதன்.'

சாவி காலண்டர் ஆணியில் தொங்கியது உண்மை. ஒட்டடை அடிக்கிற எவளுக்கும் அது தெரியும். ஹாலுக்குள் வந்து பஞ்சாங்கம் பார்த்த எவருக்கும் தெரியும்.

"எனக்கு ஒண்ணும் இல்ல தனகோடி. அவருதான் வேணாங்கறாரு" என்றாள் நான்சி. அடுத்த வீட்டில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம் என்றார்கள். மூன்றாவது வீட்டில் பெல் அடித்தும் யாரும் வரவில்லை, டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மத்தியானம் ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்து அனுப்பினார்கள். கொளஞ்சிநாதன் வீட்டோடு சேர்த்து ஒரே நாளில் நான்கு வீடும் போய்விட்டன. டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கில் பேர் கெட்டால் அடுத்த பிளாக்கில் கேட்கூடத் திறக்காது என்பது அவளுக்குத் தெரியும். அன்றிரவு அவள் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்த பிறகுதான் அந்த வெள்ளை டப்பா ஞாபகத்துக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை நேராக அந்த வீட்டுக்கே போனாள். செருப்பை வாசலில் விட்டாள், உள்ளே வந்தாள், நடுஹாலில் நின்றாள். விஜயலட்சுமி அழுது வீங்கிய முகத்தோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். போனது அவளுடைய அம்மா போட்டுக்கொண்டிருந்த சங்கிலி.

"எதுக்கு வந்த?" என்றார் கொளஞ்சிநாதன்.

"யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு அந்தப் பொட்டி எல்லாத்தையும் எழுதி வெக்கும்னு சொன்னீங்களே சார். அதைப் பாருங்க."

"அது சிஸ்டம். உனக்குப் புரியாது."

"எனக்குப் புரிய வேணாங்க. அம்மாவுக்குப் புரிஞ்சாப் போதும்."

"செர்வர் டவுன். கம்பெனிக்குப் போன் பண்ணியிருக்கேன்."

"என் போன்லயும் அந்த ஆப் இருக்குல்ல?" என்றாள் விஜயலட்சுமி. சோபாவின் கைப்பிடியில் கிடந்த செல்போனை எடுத்தாள். கொளஞ்சிநாதன், "அதெல்லாம் உனக்கு எதுக்குடி" என்று ஒரு எட்டு வைத்தார். அதற்குள் அது திறந்துவிட்டது. செர்வர் நன்றாகத்தான் இருந்தது.

விஜயலட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். புதன்கிழமை, பத்து பதினாலு, முன்கதவு திறந்தது. அதே நிமிஷம் மூடியது. அதற்குப் பிறகு சாயங்காலம் தான் வருகிற வரைக்கும் முன்கதவு திறக்கவே இல்லை.

"அது நான் போனதுங்கம்மா" என்றாள் தனகோடி.

பத்து முப்பத்தொன்று, பின்கதவு திறந்தது.

"பின்பக்கம் எதுக்குப் போனீங்க?"

"காத்தாட" என்றார் அவர். மனைவி வீட்டில் இல்லாத நாளில் பின்பக்கம் அவருக்குக் காற்று சிகரெட்டு நுனியிலிருந்துதான் வரும். விஜயலட்சுமி மேலே படித்தாள். பத்து நாற்பதுக்கு அவர் அலாரத்தைப் போட்டிருக்கிறார். பின்கதவு திறந்திருக்கிறது, அந்தக் கதவை மட்டும் விட்டுவிட்டு அலாரத்தைப் போடவா என்று ஆப் கேட்டிருக்கிறது. ஆம் என்று அழுத்தியிருக்கிறார்.

அப்புறம் பதினொன்று நாற்பத்திரண்டு. ஹாலில் அசைவு, அலாரம். ஆறு நொடியில் அலாரம் நிறுத்தப்பட்டது, நிறுத்தியவர் கொளஞ்சி. நாற்பத்துநாலில் சின்ன ரூமில் அலாரம், நிறுத்தியவர் கொளஞ்சி. நாற்பத்தேழில் இன்னொரு தடவை. அதையும் கொளஞ்சிதான். திறந்து கிடந்த பின்கதவு வழியாக வந்த ஒருவன் பக்கத்து அறையில் பீரோவைத் திறந்து சாவகாசமாகத் துழாவிக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் மூன்று முறை தூக்கத்திலேயே அவனுக்குக் குறுக்கே வந்த சத்தத்தை அடக்கி உதவி செய்திருக்கிறார்.

விஜயலட்சுமி கண்ணாடியைக் கழற்றினாள். "இதை எப்பப் பாத்தீங்க?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல. எப்பப் பாத்தீங்க?"

"நேத்து காலைல."

நேற்று காலை தனகோடி மூன்று கேட்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும். கோபத்தில் ஒருவன் தப்பாகச் சொல்லிவிட்டால் மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் ஒரு பொம்பளையைத் திருடி என்று விட்டுவைத்து, மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அந்தக் குரூப்புல எழுதுங்க சார்."

"எழுதறேன், எழுதறேன்" என்று உடனே செல்போனை எடுத்தார். அவர் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே விஜயலட்சுமிக்குச் சந்தேகமாக இருந்தது. அடித்து முடித்ததும் பிடுங்கி உரக்கப் படித்தாள். 'சென்சார் கோளாறு காரணமாகத் தகவல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. யார் மீதும் சந்தேகம் இல்லை. விஷயம் முடிந்தது.'

"பொட்டிக்கு ஒரு கோளாறும் இல்லீங்களே" என்றாள் தனகோடி. "அது மூணு வாட்டி கத்திச்சு. நீங்கதான் அது வாயைப் பொத்துனீங்க. அதை எழுதுங்க. என் பேரைப் போட்டு, இவ எடுக்கலன்னு எழுதுங்க."

"ஏய், ரிட்டயர்டு ஆவ மூணு வருசம் இருக்குது எனக்கு. பிளாக்கே சிரிக்கும்டி. தெர்மல்ல மூஞ்சி காட்ட முடியுமா நானு?" ஆணியில் மாட்டியிருந்த ஊர்ப்பேச்சு மொத்தமாக இறங்கி வந்துவிட்டது.

"சிரிக்கட்டுங்க. எனக்கு நாலு வூடு போச்சு. உங்களைப் பாத்துச் சிரிக்கறவங்க யாரும் உங்க சோத்துல கை வெக்க மாட்டாங்க."

கொளஞ்சிநாதன் மனைவியைப் பார்த்தார். இத்தனை வருஷமாக எந்தச் சண்டையிலும் கடைசியில் தன் பக்கம் வந்துவிடுகிறவள் அவள். விஜயலட்சுமி அசையவில்லை. "நீங்க எழுதறீங்களா, இல்ல நான் இந்த லிஸ்ட்டை அப்படியே படம் புடிச்சுப் போடட்டுமா? பின்கதவும் சேந்து வரும்" என்றாள்.

எழுதினார். ஒவ்வொரு வரியாகத் தனகோடி சொல்ல, விஜயலட்சுமி திருத்த, கால் மணி நேரம் ஆனது. அனுப்பிய மறு நிமிஷமே மைக்கேல் வாய்விட்டுச் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டார். அதன் கீழே வரிசையாகப் பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன. ஒரே ஒருத்தர் மட்டும், அந்த சென்சார் என்ன கம்பெனி, நன்றாக வேலை செய்கிறதே என்று விசாரித்திருந்தார். கொளஞ்சிநாதன் எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தனகோடி செருப்பை மாட்டிக்கொண்டாள். நான்சியின் கேட்டுக்கு முதலில் போக வேண்டும், இன்றைக்கு அது எப்படித் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். விஜயலட்சுமி வாசல்வரை வந்து, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கேட்டாள். "நாளைக்கு வருவியா?"

"சாருக்கு நைட் ஷிஃப்டு இல்லாத வாரமா பாத்துக் கூப்புடுங்கம்மா, வரேன். அவரு பகல்ல தூங்கினு இருக்கறப்ப இந்த வூட்ல கால் வெக்க மாட்டேன். தூக்கத்துல அவருக்கு சைரன் கேக்கல, முழிச்சதும் என் பேரு மட்டும் நல்லா ஞாபகம் வருது."