சுவரில் மாட்டிய மீன்

கவிசன் முதன்முதலில் பிடித்தது மீனை அல்ல, லீசாவின் குளிரங்கியை. ஒஸ்லோவில், நொக்லெவான் ஏரிக்கரைப் பாதையில் அவள் தன்பாட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். பின்னால் பார்க்காமல் தடியை ஓங்கி வீசியவனின் தூண்டில் முள் அவளுடைய தோளில் கொளுவிக்கொண்டது. நோர்வேஜிய மொழியில் மன்னிப்புக் கேட்டபடி ஓடிவந்தவன், முகத்தைக் கண்டதும் தமிழுக்கு மாறினான்.

"ஐயோ, சொறி. நீங்கள் தமிழோ?"

"ஓம். கழட்டிவிடுறியளோ, இல்லாட்டி இப்படியே சுத்தி இழுக்கப் போறியளோ?"

குளிரங்கியில் சின்னதாய் ஒரு ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையைத் தைக்காமலே அவள் அடுத்த குளிர்காலமும் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தாள் என்றால், மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

கவிசனுக்கு ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. சம்பளம் அங்கே, உயிர் தண்ணீரில். அமெரிக்காவில் பாஸ் என்றொரு நன்னீர் மீன் இருக்கிறது. அதைப் பிடிப்பதற்கென்றே தனித் தடி, தனிப் படகு, போட்டி, பரிசு என்று ஒரு கூட்டம் பைத்தியமாய்த் திரிகிறது. அவர்களுடைய காணொளிகளைப் பார்த்து வளர்ந்தவன் இவன். நோர்வே ஏரிகளில் பாஸ் கிடையாது. பச்சை உடம்பில் கறுப்பு வரியும் சிவப்புச் செட்டையும் முதுகில் முள்ளுமாக அபோர் என்றொரு மீன் உண்டு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அவன் அபோரைப் பிடித்துக்கொண்டான். ஜப்பானில் செய்த தடி, குழந்தையைத் துடைப்பதுபோல் துடைத்துவைக்கும், நூல் சுற்றுகிற ரீல், பெட்டி பெட்டியாய் ரப்பர் மீன்கள். அந்த ரப்பர் மீன்களை நிறம் பார்த்து வரிசையாக அடுக்கிவைத்திருப்பான். உடுப்பை அப்படி அடுக்கியிருந்தால் அவனுடைய தாய் சிவநாயகி நேர்த்திக்கடன் வைத்திருப்பார்.

லீசாவுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றியது. மருத்துவமனை ஆய்வுகூடத்தில் கிழமை முழுக்க இரத்தக் குழாய்களோடு மாரடிப்பவளுக்குச் சனிக்கிழமை ஏரி பெரிய ஆறுதல். மோர்டென்ஸ்ருட்டில் இருந்து அவள் வருவாள். நகரத்தின் மற்ற அந்தத்தில், ரொம்மனில் இருந்து அவன் வருவான். ரப்பர் மீனின் ஈயத்தலை ஏரியின் அடியில் முட்டுவதை நூல் வழியாக விரல் நுனியில் உணர அவன் பழக்கினான். பிடித்த மீனுக்கு நோகாமல் இருக்க முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுவது, கீழ்த்தாடையில் பெருவிரலை வைத்துத் தூக்குவது, படம் எடுத்ததும் தண்ணீருக்குள் பக்குவமாக விடுவது எல்லாம் பழக்கினான். அபோருக்குப் பொடிப் பற்கள். நாலைந்து மீன் பிடித்தால் பெருவிரல் தோல் உராய்ந்து சிவந்துபோகும். அதை அவன் பதக்கம் மாதிரி எல்லோருக்கும் காட்டுவான். ஒரு கிலோவைத் தாண்டிய அபோர் ஒன்றைப் பிடித்துவிட வேண்டும் என்பது இருவருடைய கனவு. கல்யாணம் கட்ட வேண்டும் என்பது அடுத்தது. லீசாவின் மனத்தில் இந்த வரிசை மாறியிருந்தது.

லீசாவின் வீட்டில் இந்த விளையாட்டு எடுபடவில்லை. தாய் அருள்நாயகிக்குச் சிரிப்புத்தான் வந்தது. "விடுறதுக்கு ஏனடி பிடிப்பான்? அதின்ர வாயைக் கிழிச்சு ஒரு போட்டோ எடுக்கவோ?" தகப்பன் ஞானரட்ணம் சிரிக்கவில்லை. ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிற மனிதர். இடது உள்ளங்கையை நூல் அறுத்த பழைய தழும்பொன்று குறுக்கே ஓடும். அவர் மீன்கடைக்குள் கால் வைக்கமாட்டார். மீன் வாங்குவதும் வெட்டுவதும் அருள்நாயகிதான்.

"மழையிலை நனைஞ்சு மீன் பிடிக்கிறது ஒரு பொழுதுபோக்கோ?" என்று ஒருநாள் கேட்டார். "அதிலை இருந்து தப்பித்தானே பிள்ளை நாங்கள் இஞ்சை வந்தனாங்கள்."

கவிசனின் வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று அவள் சொன்னபோதும் அவர் மறிக்கவில்லை. சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் ஒன்று மட்டும் சொன்னார். "ஆரும் ஊரைக் கேட்டால் யாழ்ப்பாணம் எண்டு சொல்லு. அது காணும்." அப்பா வழக்கம்போல் பேச்சைச் சுருக்குகிறார் என்று அவள் நினைத்தாள். நோர்வேயில் பிறந்த பிள்ளை. யாழ்ப்பாணத்துக்குள் எத்தனை வேலிகள் என்று அவளுக்கு ஆர் சொன்னது?

ரொம்மன் வீட்டில் தடல்புடலான வரவேற்பு. லீசா கத்தோலிக்கப் பிள்ளை என்பது அவர்களுக்குத் தெரியும். பெயரே சொல்கிறது, கழுத்தில் சின்னச் சிலுவையும் கிடக்கிறது. "வேதக்காரப் பிள்ளையெண்டாலும் பரவாயில்லை, குணம்தான் முக்கியம்" என்று சிவநாயகி மகனுக்கு முதலே உத்தரவு கொடுத்திருந்தார். ஒரு ரோல்ஸை லீசா கடித்து முடிக்குமுன் அடுத்தது தட்டில் விழுந்தது. "இன்னுமொண்டு எடுங்கோ பிள்ளை. ஆய்வுகூடத்திலை சாப்பாடே தாறேல்லையோ?"

வரவேற்பறைச் சுவரில், சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிய சட்டத்துக்குள் ஒரு அபோர். அதை இரண்டு கையாலும் ஏந்தியபடி பல்லெல்லாம் தெரியக் கவிசன். தகப்பன் பத்மநாதன் வருகிறவர்கள் எல்லோரையும் அந்தப் படத்துக்கு முன் கொண்டுபோய் நிறுத்துவார்.

"போட்டியிலை மூண்டாமிடம். வெள்ளையளே ஆடிப்போனாங்கள்" என்றார். "ரத்தத்திலை இருக்கோணும் பிள்ளை. எல்லாருக்கும் வாய்க்காது."

அந்த உற்சாகத்திலேதான் சிவநாயகி கேட்டார். "பிள்ளையின்ர அப்பா ஊரிலை எவடம்?"

தகப்பன் சொன்னது லீசாவுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் இவ்வளவு அன்பாகக் கேட்கிறவருக்கு யாழ்ப்பாணம் என்று மொட்டையாகச் சொல்வது மரியாதையில்லை என்று நினைத்து, ஊரின் பெயரையே சொன்னாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும் சிவநாயகி செய்ததைத்தான் செய்வீர்கள். மனதுக்குள் ஒரு வரைபடத்தை விரித்து, ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், எந்தக் கோயில், எந்தப் பக்கம், என்ன ஆட்கள் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வருவீர்கள். எங்கள் சனத்துக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

"ஓ..." என்றார் சிவநாயகி. "கடற்கரைப் பக்கமோ? அப்பப்பா என்ன செய்தவர்?"

லீசாவின் முகம் மலர்ந்தது. இந்த வீட்டுக்குப் பொருத்தமாய்ச் சொல்லத் தன்னிடமும் ஒன்று இருக்கிறதே என்று சந்தோசம். சுவரிலிருந்த மீனைக் கையால் காட்டினாள்.

"அப்பப்பாவும் மீன் பிடிச்சவர் அன்ரி! சொந்தமா வள்ளம் வைச்சிருந்தவர். அப்பாவும் சின்னனிலை கடலுக்குப் போனவராம். எங்கட ரத்தத்திலையும் இருக்கு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது என்பார்களே, அது இதுதான். பத்மநாதன் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினார். சிவநாயகி ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார், தேத்தண்ணியோடு திரும்பி வந்தார், தட்டுத் திரும்பி வரவில்லை. கவிசன் தலையைக் குனிந்து உராய்ந்த பெருவிரலைத் தடவிக்கொண்டிருந்தான். வெளிக்கிடும்போது "போயிட்டு வாங்கோ" என்று ஒருவரும் சொல்லவில்லை. "சரி பிள்ளை" என்றார்கள். அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் லீசாவுக்கு ரயிலில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. ஆனாலும் ஏன் என்று விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஏரிக்கரையில் பேர்ச் மரங்கள் மஞ்சள் இலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தன. கவிசன் தூண்டில் நூலில் முடிச்சுப் போடுவதும் அறுத்துவிட்டு மறுபடி போடுவதுமாக இருந்தான்.

"சொல்லு கவி" என்றாள் லீசா.

"அம்மாவுக்கு... சமயம் ஒரு பிரச்சினையாம்."

"நான் வேதமெண்டு தெரிஞ்சுதானே கூப்பிட்டவா? இரவோட இரவா மாறினனானோ?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். "அவை பழைய ஆக்கள் லீசா. ஊர், சாதி எண்டு... எனக்கு அதெல்லாம் ஒண்டுமில்லை, உனக்குத் தெரியும். ஆனால் அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம். இப்ப நான் சண்டை பிடிச்சு அவருக்கு ஏதும் நடந்தால்?"

சாதி என்ற சொல்லை லீசா அதுவரை புத்தகத்தில்தான் பார்த்திருந்தாள். அது தன் தோளில் வந்து கொளுவும் என்று அவள் நினைத்ததேயில்லை.

"உங்கட சுவரிலை இருக்கிற மீனை ஆர் பிடிச்சது?" என்று கேட்டாள்.

"அது வேறை. அது ஹொபி."

"பசிக்குப் பிடிச்சால் கேவலம், பகிடிக்குப் பிடிச்சால் பெருமையோ?"

"நான் அப்படிச் சொல்லேல்லை. நீயும் சும்மா யாழ்ப்பாணம் எண்டு சொல்லியிருக்கலாம். அது காணுமே. பிறகு மெல்ல மெல்லச் சொல்லியிருப்பம்."

தகப்பன் சொன்ன அதே வார்த்தைகள். சப்பாத்துப் போடும்போது அவர் ஏன் சொன்னார் என்பது அந்த இடத்தில்தான் அவளுக்கு விளங்கியது.

"ஒண்டு மட்டும் கேக்கிறன் கவி. எனக்காக அவையோட ஒருக்கா, ஒரேயொருக்காக் கதைப்பியோ?"

அவள் கேட்டது அவ்வளவுதான். வெல்லச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை, கதைக்கச் சொன்னாள். அவன் நீளமாய் மூச்சு விட்டான்.

"கொஞ்சக் காலம் போகட்டும். அதுவரைக்கும் நாங்கள் நண்பரா இருப்பம். சனிக்கிழமையிலை இஞ்சை வாறதை விடத் தேவையில்லைத்தானே?"

லீசா தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். கை பழக்கத்தில் வீசியது. ரப்பர் மீன் அடியில் போய் முட்டியது. ஒரு தரம் தூக்கி விட்டாள், மறு தரம் தூக்குமுன் தடி வில்லாய் வளைந்தது. கவிசன் துள்ளி எழும்பினான். "விடாதை! ரீலை இறுக்காதை! தடியை உயத்திப் பிடி!" என்று கத்திக்கொண்டு வலையோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். சப்பாத்து நனைவதைக்கூடப் பார்க்கவில்லை. கரைக்கு வந்த மீன் வலையை நிறைத்துக் கிடந்தது. அப்படியொரு அபோரை அவர்கள் கண்டதில்லை.

"கிலோ தாண்டும், சத்தியமாத் தாண்டும்! பொறு, தராசை எடுக்கிறன்."

லீசா தராசுக்குக் காத்திருக்கவில்லை. அவனுடைய பைக்குள், ஒருநாளும் பாவிக்காமல், மீனின் தலையில் அடிக்கிற சின்ன மரக்கட்டை ஒன்று கிடந்தது. அதை எடுத்தாள்.

"என்ன செய்யிறாய்? லீசா, விடு! அது பெட்டை மீன், முட்டை போடுறது. இந்த அளவுக்கு வளர எத்தினை வருசம் எடுக்கும் தெரியுமோ? அது பாவம். உன்னைக் கெஞ்சிக் கேக்கிறன், விடு!"

கண் கலங்கிக் கேட்டான். மீனுக்காக இவ்வளவு வாதாடத் தெரிந்த வாய், அந்த வரவேற்பறையில் ஒரு சொல் சொல்லவில்லை. லீசா அவனை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மீனின் தலையில் ஒரே அடி. பையில் போட்டுக்கொண்டு, தடியை அவனுக்குப் பக்கத்தில் கிடத்திவிட்டு நடந்தாள். அவன் பின்னால் வரவில்லை. வந்திருந்தால் நின்றிருப்பாள் என்பதுதான் கொடுமை.

மோர்டென்ஸ்ருட் வீட்டில் அருள்நாயகி வேலைக்குப் போயிருந்தார். ஞானரட்ணம் குசினி மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். லீசா மீனைக் கழுவுதொட்டிக்குள் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் பிடித்ததை எல்லாம் விட்டவளுக்கு வெட்டத் தெரியுமா? செட்டை முள் கையில் ஏறி இரத்தம் வந்தது.

ஞானரட்ணம் எழுந்து வந்து மகளுடைய கையிலிருந்து கத்தியை வாங்கினார். முதுகுச் செட்டையை ஒரு கீறலில் எடுத்தார், செதில் பறந்தது, வயிற்றைத் திறந்து செவுளோடு இழுத்ததும் எல்லாம் ஒன்றாய் வந்தது. அவருடைய கை இவ்வளவு வேகமாய் ஓடும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தண்ணீரைத் திறந்து மீனைக் கழுவியபடி, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஊர் கேட்டவையோ?"

லீசா ஓம் என்று தலையை ஆட்டினாள். அவர் பார்க்கவில்லை என்பது ஞாபகம் வந்து, "ஓம்" என்றாள்.

"சொன்னனியோ?"

"சொன்னனான். அப்பப்பாவின்ர வள்ளத்தையும் சொன்னனான். அவைக்குச் சந்தோசமா இருக்கும் எண்டு நினைச்சன் அப்பா."

ஞானரட்ணம் தண்ணீரை நிற்பாட்டினார். கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார். தழும்பு ஓடிய அந்தக் கையை மகளின் தலையில் வைக்க வந்தவர், மீன் மணக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, பாதியில் இறக்கிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கொள் பிள்ளை."

"என்னத்துக்கப்பா?"

"ஊருக்கு."

ஏரிக்கரையிலும் ரயிலிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் வராத லீசா அப்போதுதான் அழுதாள். பாதியில் இறங்கிய அந்தக் கையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, முகத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு அழுதாள்.