வசுமதி மாமியை வழியனுப்புதல்

மேதாவுக்கு நான்கு வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். நர்சரி இன்டர்வியூவுக்கு அழைத்துப்போன பள்ளியிலும் பிரின்சிபாலின் மேஜைக்கடியில் புகுந்துகொண்டாள். இடம் கிடைக்கவில்லை. இன்னும் ஒரு பள்ளிதான் பாக்கி.

அதனால் அவள் அம்மா காமாக்ஷி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். மயூர் விஹாரில் மூன்றாவது மாடி வீடு. மத்தியானங்களில் காமாக்ஷி வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மணியை அழுத்துவாள். கதவு திறக்கும்போது அவள் அம்மா இல்லை, வசுமதி மாமி. அப்படி ஒருவரை அவர்களுக்குத் தெரியாது. வாய்க்கு வந்த பெயர்.

"வாங்கோ மாமி. உக்காருங்கோ. தண்ணி குடிக்கறேளா?"

பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் காமாக்ஷிக்குச் சிரிப்பு வந்துவிடும். முந்தானையை இழுத்துவிட்டுக் குழந்தையைக் கட்டிக்கொள்வாள். விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். வசுமதி மாமி ஒருநாளும் எழுந்து போனதில்லை.

விடைகொடுக்கும் பாடம் தனியாகக் காலையில் நடந்தது. ஆபீசுக்குக் கிளம்பும் சேஷனைப் பார்த்து, "அப்பா, போ! ஜல்தி!" என்று மேதா கத்துவாள்.

"கிளம்பறவாளைப் போன்னு சொல்லப்படாதுடி. போயிட்டு வாங்கோன்னு சொல்லணும்."

"அச்சா," என்பாள் மேதா. ஆனால் சொல்லமாட்டாள்.

ஜனவரியில் ஒரு மத்தியானம், கரண்ட் இல்லை. காமாக்ஷி வெளியே வந்து கதவைச் சாத்தியதும், எதிர்வீட்டுக்காரி தண்ணீர் மோட்டார் பழுதானதைச் சொல்லிப் பிடித்துக்கொண்டாள். பேசி முடித்துக் கதவைத் தட்டினபோது மேதா மெல்லத் திறந்து, உதட்டில் விரல் வைத்தாள்.

"ஷ்ஷ். மாமி வந்தாச்சு."

"நான் வாசல்லயேதானேடி நின்னுண்டிருக்கேன்?"

"மணி அடிச்சா. நான்தான் திறந்தேன்."

நாற்காலிக்குப் பக்கத்தில் டம்ளர் காலியாக இருந்தது. தரையில் ஈரமில்லை. மேதாவின் ஸ்வெட்டரிலும் ஈரமில்லை.

அன்றிலிருந்து மேதா சமர்த்தாகிவிட்டாள். ஓடுவதில்லை, கத்துவதில்லை. நாற்காலிக்கு எதிரே குட்டி மோடா ஸ்டூலில், மடியில் கை கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரோ பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பவளைப் போல.

"என்ன மந்திரம் போட்டே? இனிமே சீட் நம்ம கையிலதான்," என்று சொல்லியபடி சேஷன் பிரம்பு நாற்காலியில் உட்காரப் போனார்.

"பெரியவா மடியில உக்காரலாமாப்பா?" என்றாள் மேதா.

அவர் சிரித்தார். ஆனால் உட்காரவில்லை.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் மத்தியானம், மேதா யாரும் சொல்லாமலே ஷூ மாட்டிக்கொண்டு நின்றாள். தலை வாரியிருந்தது. காமாக்ஷி வாரிவிடவில்லை.

"எங்கேடி கிளம்பிட்டே?"

"மாமி அவா ஆத்துக்குக் கூப்பிடறா. பெரியவா கூப்பிட்டா மாட்டேன்னு சொல்லப்படாதுன்னு நீதானே சொன்னே?"

பிரம்பு இருக்கை நடுவில் குழிந்திருந்ததைக் காமாக்ஷி பார்த்துக்கொண்டே நின்றாள். வந்தவளை உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். குங்குமம் கொடுக்கவில்லை. குங்குமம் வாங்கிக்கொள்ளாமல் எந்தச் சுமங்கலிதான் புறப்படுவாள்? அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

பூஜை அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவந்து நாற்காலியின் முன் நீட்டினாள்.

"எடுத்துக்கோங்கோ மாமி. மேதா வரமாட்டா. அவ என் குழந்தை."

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கனம் விலகினாற்போலப் பிரம்பு கிறீச்சிட்டது. சிமிழில் விரல் நுனி பதிந்த ஒரு சிறு பள்ளம்.

காமாக்ஷி கதவை அகலத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். ஏதோ குளிர்ச்சி அவளைக் கடந்து போயிற்று. படிகளில் காலடிச் சத்தம், அவசரமில்லாமல், கீழே கீழே இறங்கியது. வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது அவள் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தலை நுழைந்தது. ஷூ மாட்டிய கால்களில் எம்பி, மாடிப்படியை எட்டிப் பார்த்து, கணீரென்று மேதா சொன்னாள்:

"போயிட்டு வாங்கோ மாமி!"

கீழே காலடிச் சத்தம் நின்றது.

"கரெக்டா சொன்னேனாம்மா?" மேதா முகத்தை உயர்த்தி, பாராட்டுக்காகக் காத்திருந்தாள்.