தேவி கேட்ட பாடு

பிரிவு உபசார விழா என்றால் எங்கள் பள்ளியில் ஆளுக்கு ஒரு சமோசா, ஒரு டம்ளர் ரஸ்னா, அழுதே தீருவது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு வரும் சில பெண்கள். இந்த வருடம் கூடுதலாகப் புதுத் தமிழாசிரியர் ஒருவர். பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். ஏரியைப் பார்த்து "எவ்வளவு தண்ணி, எவ்வளவு தண்ணி" என்று வந்த புதிதில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். இந்த உலகத்தில் பாதித் தொல்லை நல்ல மனுஷர்களால்தான் வருகிறது.

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகிற நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து, பள்ளியில் மறக்க முடியாதது என்ன, பத்து வருடம் கழித்து எங்கே இருப்போம், இரண்டையும் சொல்ல வேண்டும் என்றார்.

மறக்க முடியாததற்குப் பஞ்சமே இல்லை. புயலின்போது எங்கள் குப்பத்தைக் குடும்பம் குடும்பமாகப் பள்ளியில் கொண்டுவந்து அடைத்தார்களே, அப்போது பிரசாந்த் வீட்டுக் கோழி தலைமையாசிரியர் நாற்காலியில் முட்டை போட்டது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அரையாண்டுப் பரீட்சைக்கு வரும் வழியில் நடு ஏரியில் டீசல் தீர்ந்துபோய் ஆளுக்கு ஒரு பலகையால் தண்ணீர் தள்ளினதைச் சொல்லிச் சிரித்தோம். பூநாரை பார்க்க வந்த சென்னைக்காரர்களிடம் வாய்க்கு வந்த பறவைப் பெயரெல்லாம் சொல்லி அனுப்பியதற்கு ஆசிரியரே சிரித்துவிட்டார்.

பத்து வருடம் என்றதும்தான் வகுப்பு அடங்கியது. பிரசாந்த் ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஏசிக்குள் உட்கார்ந்திருப்பேன் என்றான். கலைவாணி, "எனக்கு மே மாசம் நிச்சயம் சார். பத்து வருஷத்துல என் புள்ளைங்க உங்ககிட்ட படிக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு சமோசாவைத் தொடவே இல்லை. நான் பொன்னேரியில் பி.காம்., அப்புறம் பேங்க் வேலை என்றேன். எனக்குப் படகில் போனால் வாந்தி வரும். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவன் இதை வெளியில் சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் ஊருக்கே தெரியும்.

அடுத்து தேவி எழுந்தாள். அவளும் எங்கள் குப்பம்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே படகில் பள்ளிக்கு வருகிறோம். நான் வாந்தி எடுக்கும்போது தலையைப் பிடித்துக்கொள்பவள் அவள்தான், "த்தூ, நீயெல்லாம் ஒரு ஆம்பள" என்று திட்டுபவளும் அவள்தான்.

"நான் எங்க நைனாவோட பாட்டுல இருக்கணும் சார்" என்றாள்.

ஆசிரியர் முகம் மலர்ந்தது. "அப்பா பாடுவாராம்மா?"

"பாட்டுக்குப் போவாரு சார்."

"கச்சேரியா?"

வகுப்பே சிரிப்பில் அதிர்ந்தது. ஆசிரியருக்கு இன்னும் குஷி. "எங்களுக்காக ஒரு பாட்டு. கூச்சப்படாதே, பாடு!" என்று கை தட்டினார். பின் பெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பாடு, பாடு, பாடு என்று மேசையைத் தட்டி ஒரே தாளம்.

பெரம்பலூர்க்காரருக்குத் தெரியாதுதான். எங்களுக்குப் பாடு என்றால் பங்கு, முறை. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடுகிற இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்று குப்பமே உட்கார்ந்து சீட்டுப் போட்டுப் பிரிக்கிற உரிமை அது. பாடு உள்ள வீட்டில் அடுப்பு எரியும். அந்த உரிமை ஆண்களுக்கு மட்டும். அப்பனுக்குப் பிறகு மகன், மகன் இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பிப்போய், காத்திருக்கிற இன்னொரு பையனுக்குப் போகும். தேவியின் அப்பா சம்பந்தத்துக்குச் சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். படகில் போக முடியாதவன் ஒரு வருடத்துக்கு மேல் பாட்டை வைத்திருக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டு. அந்த ஒரு வருடமும் வலை கட்டியது தேவி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு விடியலில் போய்விட்டு, அப்படியே பள்ளிக்கு வருவாள். ஊர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது. சித்திரையில் சீட்டு. அதோடு வருடம் முடிகிறது.

ஆக, வெளியூர்ப் பிள்ளைகள் சிரித்தது கச்சேரிக்கு. எங்கள் குப்பத்துப் பையன்கள் சிரித்தது, ஒரு பெண் பாடு கேட்கிறாளே என்பதற்கு. அவள் பாடவும் இல்லை, உட்காரவும் இல்லை. தாளம் தானாக ஓயும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

திரும்பும் படகில் சொன்னாள்: "அந்த சாருக்குத் தெரியாது, வுடு. நம்ம பசங்க இன்னாத்துக்குடா சிரிச்சானுங்க?"

"நீ காலேஜ் போலாம்ல?"

"போலாம். நான் கேட்டனா அத்த? நீ பேங்கு கேட்ட, யாராவது உன்னக் கச்சேரி பண்ணச் சொன்னாங்களா?"

அவளுக்கு ஏரி பிடிக்கும். காற்று திரும்புவதற்கு முன்பே அவள் மூக்கு திரும்பும். எனக்குப் படிப்பு பிடிக்கிற மாதிரி அவளுக்கு அது பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம்.

பரீட்சை முடிந்த வாரம் என் நைனா சோற்றில் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, "இந்தச் சித்திரைக்கு உனக்குப் பாடு வருது. சம்பந்தத்தோடது. காத்துக்குனு இருக்கிற பசங்கள்ல நீதான் மொதல்ல இருக்கிற" என்றார்.

"எனக்கு வேணாம் நைனா. தேவியே கட்டட்டும்."

"நீ வேணான்னா அவளுக்கா போயிடும்? உனக்கு அடுத்து முத்தம்மா பையன் நிக்கிறான், அவனுக்குப் போவும். அவன் குடிகாரன். உன்கிட்ட இருந்தா அந்தப் பொண்ணு வீட்டுக்கு நாலு மீனாவது போய்ச் சேரும்."

"காலேஜ்?"

"எவன்டா காலேஜ் வேணான்னான்? முறை வர்ற அன்னிக்கி வலை கட்டிட்டுப் போ."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நான் வாங்கினாலும் அவளுக்குப் போகாது, வாங்காவிட்டாலும் போகாது. இப்படி ஒரு கணக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் வந்ததில்லை.

இருந்தாலும் கோயில் வாசலில் ஊர் கூடியபோது எழுந்துவிட்டேன். "எனக்குக் குடுக்கிற பாட்டை தேவிக்குக் குடுத்துடுங்க" என்றேன்.

ஊர்த் தலைவர் தேவேந்திரன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "நல்ல பொண்ணுதான்பா. அவதான் வலை கட்டுறான்னு எங்களுக்குத் தெரியாதா? ஆனா பொம்பளைக்குப் பாடு குடுத்தா, நாளைக்கு அவளக் கட்டிக்கினு போற வெளியூர்க்காரன் வந்து அதுல பங்கு கேப்பான். அவன் அண்ணன் கேப்பான். அப்புறம் நமக்கு இன்னா மிஞ்சும்? இருக்கிறதே கையளவு ஏரி, அதுலயும் பாதி மண்ணு."

பெண்கள் கூட்டத்துக்குள் வரக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தேவியின் குரல் கேட்டது. "அப்ப நான் கட்டிக்கவே மாட்டேன்!"

அவள் பக்கத்தில் நின்ற பெண்களே சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, குழந்தை பேச்சைக் கேட்டுச் சிரிப்பதுபோல. "படிச்ச பொண்ணு, டீச்சராவே ஆவலாமே" என்றார் கூட்டத்தில் ஒருவர். "நானே காலேஜ்ல பேசுறேன்" என்றார் இன்னொருவர். அவள் கேட்காததை எல்லாம் கொடுக்க அங்கே அத்தனை பேரும் தயாராக இருந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

தேவேந்திரன் சம்பந்தத்தைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற மாமா?"

சம்பந்தம் கட்டைக்காலைப் பார்த்தபடி, "கட்டு கட்டுதான். பையன் நல்லா இருக்கட்டும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. எதிர்த்து நிற்க ஒரு கெட்டவனாவது இருந்திருக்கலாம். அங்கே ஒருவனும் இல்லை.

சீட்டில் என் பெயர் வரிசையில் மூன்றாவதாக விழுந்தது. "நல்ல முறைடா" என்று நைனா முதுகில் தட்டினார்.

அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. குப்பத்திலேயே தேவிதான் முதல் மார்க். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பூங்கொத்துகளாகக் கொட்டியது. பெரம்பலூர் சார் "வாழ்க வளமுடன்" என்று போட்டார். அவள் அதற்குக் கும்பிடுகூடப் போடவில்லை.

என் முறை வந்த அன்று நைனாவும் நானும் போனோம். கட்டினதெல்லாம் நைனாதான். நான் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் இருந்ததை ஏரிக்குக் கொடுத்தேன். அப்படியும் இறால் அமோகமாக விழுந்தது. ஏரிக்கு ஆள் பார்க்கத் தெரியாது.

கரையில் பெண்கள் அன்னக்கூடைகளோடு காத்திருந்தார்கள். பெரிய இறால், சின்ன இறால், நண்டு என்று பிரித்துக் கொடுத்தால் கூலி உண்டு. ஆனால் அன்றைக்கு யாருடைய முறையோ, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். சொந்தத் தம்பியே ஆனாலும் மரியாதை போட்டுத்தான் கேட்பார்கள். எங்கள் பழக்கம் அது. என் சித்தி கேட்டாள், எதிர்வீட்டு எல்லம்மா கேட்டாள், நான் கூச்சத்தில் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

கடைசியில் நின்றது தேவி. என் முகத்தைப் பார்க்கவில்லை, இறாலைத்தான் பார்த்தாள்.

"நானும் உக்காரட்டுங்களா?" என்றாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. எனக்குத்தான் அந்த 'ங்க' காதில் விழுந்தது. வேண்டாம், நீ போ என்றால் அன்றைக்கு அவள் வீட்டில் உலை ஏறாது. சரி என்றால் அவள் பாட்டில் விழுந்த இறாலுக்கு அவளுக்கே நான் கூலி கொடுப்பேன். அவளோடு சண்டை போடவாவது ஒரு வார்த்தை கிடைக்காதா என்று தேடினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கிறா இல்ல, சொல்லுடா" என்றார் நைனா.

"உக்காரு" என்றேன்.

"சரிங்க" என்று அவள் உட்கார்ந்தாள்.