மூடிய கண்ணின் சாட்சி

1963 பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. மங்களத்தின் கண்ணோரங்களில் பிளாஸ்திரி போட்டு ஒயர்களை ஒட்டினார்கள். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் ஒருத்தர் வேண்டும் என்று வெள்ளைக்கார டாக்டர் கேட்டாராம். அவரிடம் கிளார்க்காக இருந்த கொழுந்தன் துரைசாமி, ஆஸ்பத்திரி ஆயாவான அண்ணியைக் காட்டிவிட்டான். புருஷன் அழகப்பனும் தலையாட்டிவிட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எதற்குத்தான் கேட்டார்கள்?

தூக்கத்தில் இமைக்குள் விழி ஓடினால் கனவு வருகிறது என்பது டாக்டரின் கணக்கு. விழி ஓடியதும் இயந்திரத்தின் பேனா தாளில் கிறுக்கும். உடனே அவளை எழுப்பிவிடுவார்கள். துரைசாமி தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வான்.

அன்று மத்தியானமும் அவளுக்கு வழக்கமாக வரும் அதே கனவுதான். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க அழகப்பன் ஏணியில் ஏறுகிறான். கீழே நின்று ஏணியைப் பிடித்திருக்கிறாள். அண்ணாந்து அவனைப் பார்க்கிறாள். ஏணிக் காலைப் பார்க்கிறாள். மறுபடியும் அவனை. பிறகு கையை எடுத்துவிடுகிறாள்.

பதினோரு வருஷமாக அவனிடம் வாங்கிய அடியையே அவள் யாரிடமும் சொன்னதில்லை. இதைப் போய் அவன் தம்பியிடமா சொல்வாள்?

"சிராங்கூன் ரோட்டுல பஸ் போறதைப் பார்த்துக்கிட்டு நின்னேன் தம்பி."

டாக்டர் தாளைக் காட்டி ஏதோ சொன்னார். துரைசாமியின் முகம் சுருங்கியது.

"பஸ்ஸைப் பார்த்தா கண்ணு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகணுமாம், அண்ணி. உங்க கண்ணு மேலயும் கீழயும் போயிருக்கு. என் மானத்தை வாங்காதீங்க லா, உண்மையைச் சொல்லுங்க."

பாவி, தூக்கத்தில்கூட ஒளிந்துகொள்ள இடமில்லை அவளுக்கு! வாயை மூடினால் கண் காட்டிக்கொடுக்கிறது.

"கிணத்துல தண்ணி இறைச்சேன்" என்றாள். "வாளி கீழ போச்சு, மேல வந்துச்சு."

டாக்டருக்கு வாயெல்லாம் பல். துரைசாமியும் நிம்மதியாக எழுதிக்கொண்டான்.

"நாளைக்கும் வரச் சொல்றார், அண்ணி."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கூடத்துச் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. அழகப்பன் சுண்ணாம்பு வாளியோடு இரண்டாம் படியில் நின்றான்.

"எவ்வளவு நேரம்டி? வந்து பிடி. சிமெண்டுத் தரை, வழுக்குது."

பிடித்தாள். அவன் ஏற ஏற ஏணி நடுங்கியது. மேலேயும் பார்க்கக் கூடாது, கீழேயும் பார்க்கக் கூடாது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள் விழி மேலே போனது, கீழே வந்தது, மறுபடியும் மேலே போனது. விரல்கள் வலிக்க வலிக்க இறுக்கினாள். இங்கே அவளை எழுப்பிவிட ஒருத்தரும் இல்லை.