உள்ளே இறங்காத மூடி

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், பிளாஸ்டிக் பட்டறை வைத்திருக்கிறார். அவர்களுடைய தொழில் சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். "நீதான் எழுதறவனாச்சே. மோல்டிங்கையும் இப்ப வந்திருக்கிற த்ரீ-டி பிரிண்டிங்கையும் ஒப்பிட்டு நாலு பக்கம் எழுதிக் குடுப்பா" என்றார். எழுதுகிறவன் என்றால் எதைக் கொடுத்தாலும் எழுதிவிடுவான் என்று நினைக்கிறவர்கள் எல்லார் வீட்டிலும் இருப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான்.

முதல் தொடக்கம்: "மனித நாகரிகத்தின் வளர்ச்சியில் பிளாஸ்டிக்கின் பங்கு அளப்பரிய—" அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "உருக்கிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்தி, ஆறவைத்து, வெளியே தள்ளும் முறைக்கு—" இது பாடப்புத்தகம். எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது: "பதினேழு நாட்களாக அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை."

இது நின்றுவிட்டது. உண்மை என்பதால் நின்றது. அந்த வரியோடு ஒப்பீட்டுக் கட்டுரை ஒழிந்தது. மலர்க் குழுவினர் மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு அலுத்துவிட்டது.

2

பட்டறை என்பது ஒரே நீளக் கொட்டகை. முன்பாதி அத்தானுடையது: மோல்டிங் மெஷின், லேத், எண்ணெய் வாடை, எஃகுக் கட்டிகள். பின்பாதியில் கண்ணாடித் தடுப்பு போட்ட அறை அக்காவுடையது: கணினி, பிளாஸ்டிக்கை வரி வரியாக அடுக்கிப் பொருள் செய்யும் த்ரீ-டி பிரிண்டர், அவளைத் தவிர யாரும் உட்காரக் கூடாத ஒரு நாற்காலி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மேஜை. அக்கா வரைபடத்தைப் போட்டு அந்த மேஜையில் வைப்பாள். அத்தான் எடுத்துக்கொண்டு போய் எஃகில் வெட்டுவார்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்லியாக வேண்டும். உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். அதனால் எஃகு அச்சை, அதாவது மோல்டை, கொஞ்சம் பெரிதாக வெட்ட வேண்டும். இவர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நூற்றுக்கு ஒன்று புள்ளி எட்டு. அக்கா சரியான அளவில் வரைவாள். சுருக்கத்தைச் சேர்ப்பது அத்தான் வேலை. பல வருஷத்துக்கு முன்னால் அவர் ஒருமுறை சேர்க்க மறந்து, அச்சிலிருந்து விழுந்த மூடியெல்லாம் குட்டி குட்டியாய்ப் போயிற்று. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். வரைபடத்தை நகர்த்தும்போது அக்கா வாய்விட்டுச் சொல்வாள்: "ஷ்ரிங்கேஜ் சேர்க்கல." அத்தான் சொல்வார்: "நான் சேர்த்துக்கறேன்." சாப்பிடும்போது சண்டை, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் சண்டை, எதுவானாலும் இந்த இரண்டு வாக்கியம் இல்லாமல் ஒரு காகிதம்கூட அந்த மேஜையைத் தாண்டியதில்லை.

(இதைப் படித்துவிட்டு அக்கா ஓரத்தில் எழுதியது: "எல்லா பிளாஸ்டிக்குக்கும் ஒரே கணக்கு இல்லைன்னு எழுது. இல்லேன்னா படிக்கிறவங்க சிரிப்பாங்க." எழுதிவிட்டேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.)

3

ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா கையில் ஒரு கோப்பையோடு வந்தார். பக்கவாதம் வந்து தேறுகிறவர்கள் அவருடைய மையத்தில் இருக்கிறார்கள். கை நடுங்கும், பால் சிந்தும், சுடும், பிறகு அவர்கள் குடிக்கவே மறுப்பார்கள். கோப்பையின் வாய்க்குள் இறுக்கமாக இறங்கும் மூக்கு வைத்த மூடி வேண்டும், மூவாயிரம் வேண்டும், அதே நிறுவனம் நடத்தும் மற்ற மையங்களுக்கும் சேர்த்து.

அக்கா அன்று மதியமே ஒன்றைப் பிரிண்ட் செய்தாள். கச்சிதமாக இறங்கியது. அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"முதல்ல ஒரு நூறு பிரிண்ட் பண்ணுவோம். குடிக்கிறவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்து மூக்கை மாத்தலாம். இன்னிக்கு மாத்தினா நாளைக்கு வேற மூடி. மோல்டுன்னா மறுபடி எஃகை வெட்டணும்" என்றாள் அக்கா.

"ஒரு மூடிக்கு ரெண்டு மணி நேரம். மூவாயிரம் மூடிக்கு எத்தனை மாசம்? மோல்டு வந்துட்டா அரை நிமிஷத்துக்கு ஒண்ணு விழும். தவிர, பிரிண்ட் பண்ணினது வரி வரியா இருக்கு. அந்த வரிக்குள்ள பால் போய் உட்கார்ந்தா எப்படிக் கழுவறது? வாய்ல வைக்கிற பொருள்" என்றார் அத்தான்.

கவனித்தீர்களா? அத்தான் கேட்ட கட்டுரை இதோ, இரண்டு பேர் வாயிலிருந்து மொத்தமாக வந்துவிட்டது. இருவர் சொன்னதும் சரி. இங்கேயே நிறுத்தியிருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் அத்தான் நிறுத்தவில்லை. வந்திருந்த அந்த அம்மாவைப் பார்த்து, "அது பொம்மை செய்யற மெஷின்மா, விடுங்க" என்றார்.

[அக்காவின் கண்கள் கலங்கின.]

இந்த வாக்கியத்தை அக்கா அடித்தாள். "நான் எங்கடா அழுதேன்? எனக்குக் கோபம் வந்துச்சு. ஏன் பொம்பளைன்னா உடனே அழ வைக்கிறீங்க?" நியாயம். அவள் அழவில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை. அது சாத்துகிற கதவு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார். பேசினால்தானே.

4

மறுநாள் அக்கா வரைபடத்தை மேஜையில் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு ஸ்பேனரை வைத்துவிட்டு உள்ளே போனாள். மோல்டுதான் வேண்டுமென்றால் அடித்துக்கொள்ளட்டும் என்று அதற்கு அர்த்தம். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி நடந்ததை மெதுவாக எழுதுகிறேன், ஏனென்றால் வேகமாக எழுதினால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வரைபடத்தை வைப்பதற்கு முன் அக்கா யோசித்தாள்: மனுஷன் கோபத்தில் இருக்கிறார், சொல்லாவிட்டால் மறந்துவிடுவார், நடுங்குகிற கைக்குப் போகிற மூடி, என் வீம்புக்கு அது கெட்டுப்போகக் கூடாது. ஆகவே அந்த ஒன்று புள்ளி எட்டை அவளே வரைபடத்தில் சேர்த்துவிட்டாள். சேர்த்ததை எழுதினாளா? எழுதவில்லை. எழுதினால் அது பேசியதாகிவிடுமாம்!

அத்தான் காகிதத்தை எடுத்தார். அவள் சொல்லவில்லை, சொல்லாவிட்டால் என்ன, என் வேலை எனக்குத் தெரியாதா? அவரும் சேர்த்தார். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மூடி விழுகிற சின்ன மோல்டு. பத்து நாளில் வெட்டி முடித்தார்.

பதினோராம் நாள் மெஷினில் மாட்டி ஓட்டினார். முதல் மூடி விழுந்தது. பளபளவென்று, ஒரு வரி இல்லாமல், அழகான மூடி. கோப்பையின் மேல் வைத்தார். உட்கார்ந்தது. உள்ளே இறங்கவில்லை. இன்னும் சூடாக இருக்கிறது, ஆறினால் சுருங்கும் என்று காத்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி வைத்தார். மேலேயே உட்கார்ந்திருந்தது. வெர்னியரை எடுத்து அளந்தார். எண்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டியது எண்பத்தொன்றரைக்குக் கிட்டத்தில் நின்றது.

அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தாள், வெர்னியரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. அவள் முகத்தைப் பார்த்து அவருக்கும் புரிந்தது. எஃகில் இதுதான் தொல்லை. குறைவாக வெட்டினால் இன்னும் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். கூடுதலாக வெட்டியதை மறுபடி ஒட்டிவைக்க முடியாது.

அப்போதாவது வாயைத் திறந்தார்களா? இல்லை. அக்கா உள்ளே போய் நாற்பது மூடிகளைப் பிரிண்டரில் ஓட்டினாள். ஒருமுறை குடித்துவிட்டுத் தூக்கிப்போட்டுவிட வேண்டும் என்று சீட்டு எழுதி மையத்துக்கு அனுப்பினாள். அத்தான் அச்சின் குழியை இன்னும் அகலமாகக் கடைந்து, உள்ளே ஒரு எஃகு வளையத்தை இறுக்கி, அதைச் சரியான அளவுக்கு வெட்டினார். இப்போது மூடி இறங்குகிறது. முதல் நாற்பது பிரிண்டரில், மிச்சம் மோல்டில். கட்டுரைக்கு இதைவிட நல்ல முடிவு யாருக்குக் கிடைக்கும்?

ஆனால் பன்னிரண்டாம் நாள் அக்கா இரண்டு தெரு தள்ளி ஒரு தனி அறையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடலாமென்று. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். இன்று சனிக்கிழமை.

5

வரைவை இருவருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். அதில் "தவறு இருவருடையதும்தான்" என்று எழுதியிருந்தேன். எழுத்தாளன் நடுநிலை வகிக்க வேண்டுமல்லவா.

காலையில் அக்கா போன் செய்தாள். "அதை மாத்துடா. தப்பு என்னோடதுன்னு எழுது. அவர் எப்பவும் பண்றதைத்தான் பண்ணினார். வழக்கத்துல கை வச்சது நான்தான். ஆனா நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லாத."

அரை மணி நேரம் கழித்து அத்தான். "ஏம்ப்பா, அந்த இடத்துல என்மேல போட்டுடு. வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அந்தப் பொம்மை விஷயம்... அதையும் என் கணக்குலயே எழுதிக்க. அவகிட்ட மூச்சு விடாத."

போனை வைத்துவிட்டு நான் கத்தியது எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். மறுபடியும் அதையே செய்திருக்கிறார்கள்! அவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று இவள் முழுவதையும் தன்மேல் சேர்த்துக்கொள்கிறாள். இவள் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று அவர் முழுவதையும் தன்மேல் சேர்த்துக்கொள்கிறார். இருவர் சொன்னபடியும் எழுதினால் பழி இரண்டு மடங்காகி, மறுபடி எதற்குள்ளும் இறங்காது.

கோபம்தான் வந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எனக்குத்தான் கண் கலங்கியது. (இதை அக்கா அடிக்க முடியாது. இது என் கண்.)

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. திங்கட்கிழமை வண்டி வருகிறது, பிரிண்டர் போகிறது, கண்ணாடி அறையில் நாற்காலி மட்டும்— எழுத மனம் வரவில்லை.

ஆ. அத்தான் கண்ணாடிக் கதவைத் தட்டி, "என்னை மன்னிச்சிடு" என்கிறார். அவரைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். அதிகபட்சம் "சாப்ட்டியா?" என்பார்.

இ. பிசியோதெரபிஸ்ட் அம்மா வந்து இருவருக்கும் புத்தி சொல்கிறார்— அவருக்கு வேறு வேலை இருக்கிறது. அடுத்து கரண்டிக்குப் பிடி கேட்டிருக்கிறார். நடுங்குகிற கைக்குத் தடிமனான பிடி.

அந்தப் பிடியின் வரைபடம் இப்போது மேஜையில் இருக்கிறது, மேலே அதே ஸ்பேனர். அதில் சுருக்கம் சேர்த்திருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அத்தானுக்கும் தெரியாது.

இந்தப் பக்கங்களை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். "சொல்லாத" என்றவளிடம் ஒன்று, "மூச்சு விடாத" என்றவரிடம் ஒன்று. இரண்டு வாக்கையும் ஒரே நேரத்தில் மீறிவிட்டு வாசலில் நிற்கிறேன். இருவரும் ஐந்தாம் பகுதிக்கு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது, மெஷின் நின்றுவிட்டது. கண்ணாடிக் கதவு திறக்கிறது. அக்கா மேஜைப் பக்கம் வருகிறாள். அத்தான் ஸ்பேனரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காகிதத்தைத் தொடாமல் நிற்கிறார்.

அளவில் சந்தேகம் இருந்தால் அத்தான் கொஞ்சம் எஃகை வெட்டாமல் விட்டுவைப்பார். பிறகு பார்த்து வெட்டிக்கொள்ளலாம். நானும் இங்கே விட்டுவைக்கிறேன். அடுத்த வரி அவர்களுடையது. உங்களுக்கு அவசரமாக இருந்தால் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: அவர்களால் முடியாது என்று நீங்களாக நினைத்து, உங்கள் பங்குக்கு ஒரு ஒன்று புள்ளி எட்டைச் சேர்த்துவிடாதீர்கள்.

"......................................"

"நான் சேர்த்துக்கறேன்."